அந்தப் பெண் பேசும் நாலு வரி

எங்கள் வாசிப்பு வட்டத்தில் அண்ணாச்சி கேட்ட ஒரு கேள்வி நாலைந்து மாதமாக என்னை விடவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் மாதம் ஒரு ஞாயிறு கூடுவோம். அன்றைக்கு ஒரு நாவலைப் பேசி முடித்து, சுக்குக் காப்பி வந்து, பேச்சு எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தது. கடந்த பத்து வருஷத்தில் என்னை மிகவும் உலுக்கிய கதைகளில் இரண்டு மூன்று வீடியோ கேம்களில்தான் கிடைத்தன என்று நான் சொல்லிவிட்டேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதுல எழுத்துன்னு என்ன தம்பி இருக்கு? நல்லா இருக்கிற இடமாப் பாத்து ஒரு பக்கம் வாசிச்சுக் காட்டு, கேப்போம்" என்றார். கிண்டலாகக் கேட்கவில்லை. ஒரு புத்தகத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் அவர் இதைத்தான் கேட்பார். தாலுகா ஆபீஸில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காகிதத்தில் இருப்பதைத்தான் நம்புவார்.

அடுத்த மாதம் தயாராகப் போனேன். முதலில் எடுத்தது 'டிஸ்கோ எலிசியம்'. எஸ்டோனியாவின் தாலினில் தொடங்கிய ஒரு குழு உருவாக்கி 2019 அக்டோபரில் வெளியிட்ட கேம். அதில் இருக்கிற சொற்கள் பத்து லட்சத்துக்கு மேல். குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துபோன ஒரு துப்பறியும் போலீஸ்காரன் ஒரு கொலையை விசாரிக்கிறான். அவன் மண்டைக்குள் 24 குரல்கள் ஒன்றையொன்று வெட்டிப் பேசிக்கொண்டே இருக்கின்றன. ஒன்று தர்க்கம், ஒன்று பச்சாதாபம், ஒன்று அடுத்த மிடறுக்கு அலைகிற உடம்பு. அதிலிருந்து ஒரு பகுதியைத் தமிழாக்கி வாசித்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. அண்ணாச்சியும் தலையாட்டினார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நாவல்தானே? இதை எதுக்குக் கேம்னு சொல்லணும்?" என்றார். பதில் இருந்தது. நாக்கில் வரவில்லை.

அடுத்து 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' கேமிலிருந்து ஒரு காட்சியை வாசித்தேன். எனக்கு உயிரான காட்சி. வாசித்து முடித்ததும் மாடியில் ஒரு அமைதி. ரசித்த அமைதி இல்லை, 'அவ்வளவுதானா?' என்கிற அமைதி. என் வாயிலிருந்து வந்த சொற்கள் எனக்கே சப்பென்று இருந்தன. ஒரு வாரமலரில்கூட அந்த நாலு வரியை யாரும் போடமாட்டார்கள். ஆனால் அந்தக் காட்சியை ஆடிய இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை. இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதுதான் என்னை அரித்துக்கொண்டிருந்தது.

காதால் பார்த்த சினிமா

நமக்கு எழுத்து என்றால் வசனம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. ஒரு முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கி, படமே இல்லாமல், குரலை மட்டும் ஒலிபரப்புவார்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டே கேட்பாள். கதாநாயகி அழும் இடத்தில் முறம் நின்றுவிடும். திருவிழாக் கடைகளில் பாட்டுப் புத்தகத்தோடு கதை வசனப் புத்தகமும் விற்ற ஊர் இது. கோர்ட் காட்சி வசனத்தை மேடையேறி ஒப்பித்துப் பரிசு வாங்கியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருப்பார்கள். படத்தைக் கழற்றிவிட்டாலும் எழுத்து தனியாக நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு நம் காதுக்குள்ளேயே ஊறியது. அண்ணாச்சி "வாசிச்சுக் காட்டு" என்று கேட்டதும் அந்த மரபிலிருந்துதான்.

அந்தப் பரீட்சையில் பெரும்பாலான கேம்கள் தோற்கும். தோற்க வேண்டியவைதான். கேம் ஆடுகிற நாங்கள் இதை ஒளித்துப் பிரயோசனமில்லை. உலகம் அழியப்போகிறது, ஓடு ஓடு என்று ஒரு கிழவர் கதறுவார். அவர் பக்கத்திலேயே ஒருத்தி தொலைந்துபோன வாணலியைத் தேடித் தரச் சொல்வாள். நாமும் தேடப் போவோம். உலகம் காத்திருக்கும். நான் மிகவும் மதிக்கிற 'தி விட்சர் 3' கேமிலேயே, வளர்ப்பு மகளைக் கொடிய வேட்டைக்காரர்கள் துரத்திக்கொண்டிருக்கும்போது, அவளைத் தேடிக் கிளம்பிய நாயகன் கெரால்ட் ஊர் ஊராக உட்கார்ந்து சீட்டாடலாம். நானே முப்பது மணி நேரம் ஆடியிருப்பேன். எழுதியவர்கள் மகளைப் பற்றித் தவிப்போடு எழுதியிருக்கிறார்கள், என் கை சீட்டைப் பற்றித் தவித்துக்கொண்டிருந்தது.

வடிவமைப்பாளர் கிளின்ட் ஹாக்கிங் 2007-இல் 'பயோஷாக்' கேமைப் பற்றி எழுதும்போது இந்தப் பிளவுக்கு 'லூடோநேரடிவ் டிசொனன்ஸ்' என்று பெயர் வைத்தார். கதை ஒன்று சொல்கிறது, ஆட்டம் வேறொன்று சொல்கிறது. 'அன்சார்ட்டட்' வரிசையின் நேதன் டிரேக் கலகலப்பான, நல்ல மனசுக்காரன். சிரித்துப் பேசிக்கொண்டே நூற்றுக்கணக்கான பேரைச் சுட்டுக் கொல்கிறான். 2016-இல் வந்த நாலாம் பாகத்தில் ஆயிரம் எதிரிகளை வீழ்த்துபவருக்கு ஒரு கோப்பை உண்டு. கோப்பையின் பெயரே லூடோநேரடிவ் டிசொனன்ஸ். கேலிக்குத்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அது கசந்தது. குறை தெரிந்திருக்கிறது, தீர்க்க மனமில்லை என்று பட்டது.

மொழிபெயர்க்க உட்கார்ந்தபோது

அந்த நாலு வரிக்குத் திரும்புகிறேன். 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' 2013 ஆகஸ்டில் வந்தது. லூகாஸ் போப் என்ற ஒரே மனிதரின் வேலை. ஆர்ஸ்டோட்ஸ்கா என்ற கற்பனை நாடு, வருஷம் 1982. தொழிலாளர் குலுக்கலில் உங்கள் பெயர் விழுந்து, கிரெஸ்டின் எல்லைச் சாவடியில் குடியேற்ற அதிகாரி வேலை கிடைக்கிறது. ஒரு சன்னல், ஒரு சின்ன மேசை, பச்சையும் சிவப்புமாக இரண்டு முத்திரைகள். வரிசையில் வருகிற ஒவ்வொருத்தரின் காகிதங்களையும் சரிபார்த்து உள்ளே விட வேண்டும், அல்லது திருப்பி அனுப்ப வேண்டும். ஒருத்தருக்கு ஐந்து கிரெடிட் கூலி. சாயங்காலம் அந்தப் பணத்தில் வாடகை, சாப்பாடு, குளிருக்கு வெப்பம், நோய்க்கு மருந்து. வீட்டில் மனைவி, மகன், மாமியார், மாமா. தப்பாக ஒருத்தரை விட்டால் அச்சு இயந்திரம் கரகரவென்று ஒரு குற்றச்சீட்டைத் துப்பும். ஒரு நாளில் முதல் இரண்டு வெறும் எச்சரிக்கை. மூன்றாவதிலிருந்து கூலியில் பிடித்தம்.

முதல் வாரத்திலேயே ஒரு கணவன் வருகிறான், ஆன்டெக்ரியா நாட்டின் கொடுமைக்குத் தப்பி வந்தவன். அவன் காகிதங்களில் ஒரு குறையும் இல்லை. முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு போகிறபோது, எனக்குப் பின்னால் என் மனைவி வருகிறாள், அவளிடம் தயவாக நடந்துகொள்ளுங்கள் என்கிறான். அடுத்து அவள். அவர் உள்ளே போய்விட்டாரா என்று கேட்கிறாள். அவளிடம் நுழைவு அனுமதிச் சீட்டு இல்லை. அவர்கள் தர மறுத்துவிட்டார்கள், திரும்பிப் போனால் என்னைக் கொன்றுவிடுவார்கள் என்கிறாள். அவ்வளவுதான் வசனம்.

இதைத் தமிழாக்க உட்கார்ந்தபோது ஒன்று கவனித்தேன். அந்த எல்லையில் பலரும் பேசும் ஆங்கிலம் நொண்டி ஆங்கிலம். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வர வேண்டிய 'எ', 'தி' மாதிரிச் சின்னச் சின்னச் சொற்களை விட்டுவிடுவார்கள். படிக்கும்போதே அந்நிய நாட்டுக் குளிர் ஒன்று அடிக்கும். தமிழில் அந்தச் சொற்களே கிடையாது. அவர்கள் விடுவதை நம் மொழி எப்போதோ விட்டுவிட்டது. ஆகவே என் தமிழில் எல்லோரும் திருத்தமாகப் பேசினார்கள். இருந்த ஒரு சிறு சுருதியும் போய்விட்டது. மிஞ்சியது வெறும் தகவல். அதைத்தான் மாடியில் வாசித்தேன்.

மொழிபெயர்ப்பில் போனது கொஞ்சம்தான், மூலத்திலேயே அந்த வரிகளில் பெரிதாக எதுவும் இல்லை என்று பல நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டேன். அப்படியானால் எனக்குத் தூக்கம் கெடுத்தது எது? அவள் பேசும்போது நான் கேட்டுக்கொண்டிருக்கவில்லை, மேசையில் அனுமதிச் சீட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒருத்தி உயிருக்குக் கெஞ்சுகிறாள், நான் காகிதத்தைக் குனிந்து பார்க்கிறேன், கடிகாரம் ஓடுகிறது. அந்தக் குனிதலை எந்த வரியும் சொல்லவில்லை. மேசையைச் சின்னதாக வைத்ததும், கூலியை ஆளுக்கு இவ்வளவு என்று வைத்ததும், எச்சரிக்கையை இரண்டோடு நிறுத்தியதும்தான் அதை எழுதின. ஒரு விதியை வைப்பதும் ஒரு வாக்கியத்தை எழுதுவதும் இங்கே ஒரே வேலை.

இதைப் பிடித்துக்கொண்டதும் வேறு கேம்களும் தெளிந்தன. 2018-இல் வந்த 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' கேமில், தொடக்கத்தில் நாயகன் ஆர்தர் மார்கன் கடன் வசூலுக்குப் போவான். தாமஸ் டவுன்ஸ் என்ற சீக்காளி விவசாயியை அடிக்க வேண்டும். அடிக்கிற பொத்தானை அழுத்துவது நாம். அடி வாங்குகிறவன் இருமுகிறான், ரத்தம் ஆர்தரின் முகத்தில் தெறிக்கிறது. எத்தனையோ வேலைகளுக்கு நடுவில் அதுவும் ஒரு வேலை, மறந்துவிடுவோம். பல பல மணி நேரம் கழித்து ஆர்தருக்கு இருமல் வருகிறது, காசநோய் என்று மருத்துவர் சொல்கிறார். எங்கே தொற்றியது என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கட்டைவிரலுக்குத் தெரியும். அதே கேம், வேறு இடங்களில், சொன்ன பாதையை விட்டு நாலு அடி தள்ளி நடந்தால் தோற்றுவிட்டாய் என்று நிறுத்திவிடும். அப்போது அது எங்களைக் கையைக் கட்டி உட்காரவைத்துப் படம் காட்டுகிறது. ஒரே கேமுக்குள் இரண்டு விதமான எழுத்து.

'இது நாவல்தானே' என்பதற்கான பதிலும் அப்போதுதான் வந்தது. 'டிஸ்கோ எலிசியம்' தொடங்கும்போது கூரை மின்விசிறியில் போலீஸ்காரனின் கழுத்துப்பட்டை சுற்றிக்கொண்டிருக்கும். அவன் திறன்களுக்குப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுப்பது ஆடுகிற நாம்தான். உடம்புக்குப் புள்ளிகளே ஒதுக்காமல் அறிவுக்கே எல்லாவற்றையும் கொடுத்து அவனை நான் உருவாக்கியிருந்தேன். கழுத்துப்பட்டையை எட்டிப் பிடிக்கப் போனான், மாரடைப்பில் செத்துவிட்டான். கதை தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகவில்லை. நாவலில் ஒருவன் பலவீனமானவன் என்றால் ஆசிரியர் சொல்லித் தெரிந்துகொள்கிறோம். இவன் பலவீனம் நான் செய்தது. அதற்குப் பின் அந்த 24 குரல்களும் என்னிடம் பேசியதாகத்தான் எனக்குக் கேட்டது.

சாவடியில் அண்ணாச்சி

இதையெல்லாம் விளக்கி அண்ணாச்சிக்கு ஒரு பக்கம் எழுதி எடுத்துப் போகலாமா என்று நினைத்தேன். பிறகு அது வேண்டாமென்று, ஒரு ஞாயிறு காலை மடிக்கணினியோடு அவர் வீட்டுக்கே போனேன். "வாசிச்சுக் காட்ட முடியலை அண்ணாச்சி. நீங்க ஆடித்தான் பாக்கணும்" என்றேன். மவுஸ் பிடிப்பது அவருக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தில் சந்தேகம் வந்த இடத்தில் நான் சொன்னேன், வேறெதுவும் சொல்லவில்லை.

முதல் கால் மணி நேரத்தில் அவர் முகத்தில் ஒரு இளமை வந்தது. காகிதங்களைச் சன்னலிலிருந்து இழுத்து மேசையில் பரப்பி அடுக்கிய விதத்திலேயே தெரிந்தது, பழகின கை. பிறந்த தேதி, காலாவதித் தேதி, வழங்கிய ஊர், புகைப்படம் என்று விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுப் போனார். "இந்தா பாரு, எண் மாறுது. பாஸ்போர்ட்ல ஒண்ணு, சீட்டுல ஒண்ணு. நம்மகிட்டயேவா?" முத்திரைப் பலகை வலது ஓரத்திலிருந்து சர்ரென்று வெளியே வரும். குத்தினால் டக்கென்று ஒரு சத்தம். "சீல் சத்தம் அச்சா வச்சிருக்கான்" என்றார் சந்தோஷமாக. காகிதமே இல்லாமல் வருகிற ஜோர்ஜி என்ற கிழவன், பிறகு தானே கிறுக்கி வரைந்த பாஸ்போர்ட்டோடு, இல்லாத ஒரு நாட்டின் பெயரைப் போட்டுக்கொண்டு வருவான். அண்ணாச்சி விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத்தான் சிவப்புக் குத்தினார். இப்படி ஒரு ஆள் எல்லா ஆபீஸிலும் உண்டு என்றார்.

முதல் நாட்களில் வேகம் போதவில்லை, கூலி குறைந்தது. வெப்பத்துக்கான பணத்தை வெட்டிச் சாப்பாட்டுக்குப் போட்டார். மகனுக்குக் குளிர் கண்டது, பிறகு உடம்புக்கு முடியவில்லை. திரையில் அது ஒரே ஒரு சொல். அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்து வேகத்தைக் கூட்டினார். வேகம் கூடினால் தப்பும் வரும். அன்றைக்கு மத்தியானத்துக்குள் இரண்டு எச்சரிக்கைச் சீட்டு விழுந்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் கணவன் வந்தான். காகிதம் எல்லாம் சரி. பச்சை. மனைவிக்காக அவன் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "ம்ம், வரட்டும் வரட்டும்" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமல். அவள் வந்தாள். பாஸ்போர்ட்டை மட்டும் வைத்தாள். அண்ணாச்சி மேசையில் இன்னொரு காகிதத்தைத் தேடினார், பாஸ்போர்ட்டை நகர்த்தி அடியில் பார்த்தார். விதிப் புத்தகத்தைத் திறந்து உறுதி செய்துகொண்டார். பிறகு அவள் சொன்னதைச் சொன்னேன். மாடியில் நான் வாசித்த அதே நாலு வரி, அதே சப்பென்ற தமிழ்.

அவர் கை நின்றது. வெளியே வரிசை நீண்டிருந்தது, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. "மூணாவது சீட்டுக்குப் பிடிச்சுருவானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முத்திரைப் பலகை வெளியே வந்தபடி இருந்தது. பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். நாவலில் ஒரு ஏழைப் பெண் சாகும் பக்கத்தை வட்டத்தில் வாசிக்கும்போது குரல் உடைந்து நிறுத்திவிடுகிற மனிதர் அவர். அந்த மனிதர் சிவப்பை அழுத்தினார். டக். அவள் உருவம் சன்னலிலிருந்து விலகியது. அச்சு இயந்திரம் ஒன்றும் துப்பவில்லை. விதிப்படி சரி. இசை எதுவும் எழவில்லை, யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த ஆள் வந்து நின்றுவிட்டான்.

அந்த ஆளின் காகிதத்தை எடுக்காமலே அண்ணாச்சி கேட்டார். "முதல்ல அவ வந்திருந்தா? அவனையும் திருப்பி அனுப்பியிருப்பேனே. ரெண்டு பேரும் ஒண்ணாவது இருந்திருப்பாங்க."

எத்தனையோ முறை ஆடியிருக்கிறேன், எனக்கு அது தோன்றியதே இல்லை. அவள் வருவதற்குள் அவன் உள்ளே போயாயிற்று. குத்திய பச்சையைத் திரும்ப எடுக்க முடியாது. அவனை முதலில் அனுப்பியதுதான் அந்தக் காட்சியின் எழுத்து. இருவரும் சேர்ந்து வந்து சன்னலில் நின்றிருந்தால் அது ஒரு சோகக் காட்சி, நாம் பரிதாபப்பட்டுவிட்டுப் போய்விடலாம். அவனை நம் கையாலேயே சந்தோஷமாக உள்ளே விடவைத்து, பிறகு அவளைக் காட்டுகிறார் போப். வசனகர்த்தா செய்கிற வேலை இது இல்லையென்றால் வேறெது என்று எனக்குத் தெரியவில்லை. மாடியில் இதை வாசித்துக் காட்ட எந்தப் பக்கமும் இல்லை.

"அந்தப் புருஷன்காரன் மறுபடி வருவானா?" என்றார். நான் ஆடிய வரையில் வரவில்லை என்றேன்.

அண்ணாச்சியின் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். ஆடுவதை நிறுத்திவிட்டு, வெகு நேரம் கழித்து, அண்ணாச்சி ஒரு அம்மாளைப் பற்றிச் சொன்னார். வாரிசுச் சான்றிதழுக்கு மனு கொடுத்தவர். இறப்புச் சான்றிதழில் புருஷன் பெயர் ஒரு விதமாக, ரேஷன் கார்டில் வேறு விதமாக. மூன்று தடவை அண்ணாச்சியே மனுவைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். "விதிப்படி சரிதான்" என்றார். அந்த அம்மாள் நாலாவது தடவை வரவில்லை. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தக் கேமில் கடந்துபோன எந்த நாளுக்கும் திரும்பிப் போய் அங்கிருந்து மறுபடி ஆடலாம். கிளம்பும்போது இதை அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு அவரே போன் செய்து, பெட்டியை எடுத்துக்கொண்டு வா என்றார். திறந்ததும் நாட்களின் பட்டியல் திரையில் விரிந்தது. அந்த நாளின் மேல் அம்புக்குறியை வைத்து, "இதுல இருந்து ஆரம்பிக்கலாமா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலைப் பார்த்தார். "இல்ல தம்பி" என்றார். "அதுக்கு அடுத்த நாளைத் திற."